கேமராவுக்குப் பாடம் சொன்ன அம்மா

ஜுருவில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேசையை ஒரு குட்டிக் கேமரா பிடித்துக்கொண்டிருந்தது. தட்டு நிறைய 20 சென் நாணயங்கள். மேலே தொங்கிய கேமரா தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகனின் வேலை அது. கீறல் விழுந்த நாணயத்தைக் கேமராவே கண்டுபிடிக்க வேண்டுமாம்.

எனக்குப் பிழைப்பு வானொலியில், காதை நம்பித்தான். இயந்திரம் எப்படிக் கண்ணால் பார்க்கும் என்று அவனிடமே கேட்டேன்.

கேமராவைத் தாங்கும் சட்டத்தில் இரண்டு சிறு மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று இடம் வலம் திருப்பும். மற்றொன்று மேலும் கீழும் அசைக்கும். மோட்டாருக்கு நொடிக்கு 50 மின்துடிப்புகள் போகும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிநொடி என்றால் மோட்டார் நடுவில் நிற்கும். நீளத்தைக் கூட்டினால் ஒரு பக்கம் திரும்பும், குறைத்தால் மறுபக்கம்.

கேமரா தரும் படத்தில் அகலவாக்கில் 640 புள்ளிகள், உயரவாக்கில் 480. நாணயம் படத்தின் நடுவிலிருந்து எத்தனை புள்ளி விலகியிருக்கிறது என்று நிரல் கணக்கிடும். அந்த விலகலுக்கு ஏற்ப மோட்டார் திரும்பும். முதலில் மோட்டாரை அளவுக்கு மீறித் திருப்பிவிட்டதால் கேமரா தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடியதாம். வேகத்தைக் குறைத்தான். “பத்துப் புள்ளிக்குள் வந்துவிட்டால் நகராதே” என்று ஒரு வரி சேர்த்தான். “மோட்டார் நின்ற பிறகே படம் எடு” என்று இன்னொரு வரி. இல்லையென்றால் படம் கலங்கிவிடும்.

படத்தை ஆராய அவன் பயன்படுத்துவது ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருள். 1999-இல் இன்டெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் தொடங்கப்பட்டது அது. அதே இன்டெல்தான் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில் திறந்தது. அந்தக் காலத்தில் சில்லுகளைப் பார்த்துப் பிரித்தவை மனிதக் கண்கள்தான், பெரும்பாலும் இளம்பெண்களின் கண்கள்.

எங்கள் அம்மாவும் அவர்களில் ஒருவர். 1985-இல் பாலம் திறக்கும் முன்பே பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவர். ஷிப்ட் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுப்பார். அந்த வேலைக்கு அவர் ஒருநாளும் பெரிய பெயர் சொன்னதில்லை. “சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலை” என்பார்.

அன்று பேரனின் கேமரா தடுமாறியது. நல்ல நாணயத்தைக் கீறல் என்றது. கீறியதை நல்லது என்றது. அவன் நிரலைத் திருத்திக்கொண்டே இருந்தான். சமையலறையிலிருந்து வந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“விளக்கை நேரா மேல வெச்சா எல்லாமே மின்னும்யா. பக்கத்துல தாழ்வா, சாய்ச்சு வெச்சுப் பாரு.”

மேசை விளக்கை இறக்கிச் சாய்த்தான். திரையில் நாணயத்தின் வழவழப்பான பகுதி இருண்டது. கீறல் மட்டும் வெள்ளைக் கோடாக எழுந்து நின்றது. சாய்வாக விழும் ஒளி வழவழப்பான பரப்பில் பட்டு மறுபக்கம் போய்விடும். கீறலின் விளிம்பில் பட்டால்தான் சிதறிக் கேமராவுக்கு வரும். தொழிற்சாலைக் கேமராக்களிலும் இதே உத்திதான் என்று அவன் பிறகு சொன்னான். அம்மாவுக்கு அது நாற்பது வருடப் பழைய செய்தி.

ஜுருவிலிருந்து பத்து காவான் பக்கம்தான். 2000-இல் பினாங்கில் தொடங்கிய வைட்ரோக்ஸ் நிறுவனம் இன்று அங்கிருந்து, சில்லுகளையும் மின்பலகைகளையும் கேமராவால் சோதிக்கும் இயந்திரங்களைச் செய்கிறது. பாயான் லெப்பாஸில் பெண்களின் கண் பார்த்த வேலையை இப்போது இவை பார்க்கின்றன.

“அப்போ எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை இருக்காதா?” என்று அம்மா கேட்டார். பேரன் உடனே பதில் சொல்லவில்லை. நானும்தான். அவர் உட்கார்ந்த அந்த நாற்காலி இனி திரும்பி வராது என்பதே உண்மை. கண் கெட்டுப்போகும் அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும் என்றும் நான் விரும்பமாட்டேன். ஆனால் எது குறை, எது குறையில்லை என்று கேமராவுக்குத் தானாகத் தெரியாது. தெரிந்த ஒருவர் பிரித்துக் காட்ட வேண்டும்.

அன்று மாலை அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாணயங்களை நல்லது, கெட்டது என்று இரண்டு கிண்ணங்களில் பிரித்தார். அதை வைத்துத்தான் பேரன் தன் நிரலைச் சோதித்தான்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இந்தத் துறைக்குப் போக ஆசைப்பட்டால், கணினி வாங்கிக் கொடுங்கள். அதோடு, தொழிற்சாலையில் காலம் கழித்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையை அவர்கள் பக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். “சும்மா பார்க்கிற வேலை” என்று அவர்கள் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.