விழா நடத்தும் தொழில்

ஒரு திருமணம் நன்றாக நடந்து முடிந்தால், வந்தவர்கள் மணமக்களை வாழ்த்துவார்கள், நாகசுரத்தைப் புகழ்வார்கள், பாயசத்தைப் பற்றி வழிநெடுகப் பேசிக்கொண்டு செல்வார்கள். இலைக்குத் தட்டுப்பாடு நேராதது எப்படி, மின்சாரம் நின்றபோதும் விளக்கு அணையாதது எப்படி, வெளியூரிலிருந்து வந்த உறவினர் தங்குமிடம் தேடி அலையாதது எப்படி என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், ஏதேனும் ஒன்று தவறிவிட்டால் போதும். அந்த ஒன்றைப் பற்றியே பல்லாண்டு பேசுவார்கள். நன்றாக நடந்தால் கண்ணிற் படாமலும், குறை நேர்ந்தால் கண்ணை உறுத்தியும் நிற்கும் இப்பணியைத் தொழிலாகக் கொண்டோர் இன்று நம்மிடையே பலர் உளர். ‘ஈவென்ட் மேனேஜ்மென்ட்’ என்னும் பெயரால் வழங்கும் அத்தொழிலை நாம் விழா அமைப்பு என்று சொல்லலாம்.

பெயர் புதியது, வேலை மிகப் பழையது. சிற்றூரில் ஒரு வீட்டில் திருமணம் என்றால், உற்றாரும் ஊராருமே அமைப்பாளர்களாக இருந்தனர். தாய்மாமன் பந்தற்கால் நட ஏற்பாடு செய்வார். பெரியம்மா உக்கிராண அறையின் சாவியை இடுப்பிற் செருகிக்கொள்வார். பங்காளிகள் பந்தி விசாரணையை ஏற்பார்கள். யார் எதைச் செய்வது என்று எவரும் எழுதி வைத்ததில்லை. வழக்கமே அதனை வகுத்து வைத்திருந்தது. மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்து, உறவினர் திசைக்கொருவராகப் பிரிந்து, இரண்டு நாள் விடுப்பில் வந்து போகும் நிலை ஏற்பட்டபோது, அந்த எழுதாத ஏற்பாடு தளர்ந்தது. அமெரிக்காவில் ஒரு தமிழ்த் திருமணம் நடைபெறுவதாகக் கற்பனை செய்து, ‘வாஷிங்டனில் திருமணம்’ என்னும் நகைச்சுவைத் தொடரைச் சாவி 1963-ல் ஆனந்த விகடனில் எழுதினார். அந்தக் கதையின் சிரிப்புக்குள் ஓர் உண்மை இருக்கிறது. உற்றார் சூழ்ந்த இடத்தில் தாமாக வந்து சேரும் பொருள்கள், வேற்றிடத்தில் ஒவ்வொன்றாக நினைத்து வரவழைக்கப்பட வேண்டும் என்பதே அது. நினைவில் வைத்திருந்து வரவழைப்பவர் ஒருவர் தேவைப்பட்டபோது, இத்தொழில் பிறந்தது.

விழா அமைப்பு என்றவுடன் பலரும் அலங்காரத்தையே எண்ணுகின்றனர். மாவிலையும் தென்னங்குருத்தோலையும் கொண்டு தோரணம் கட்டுவதும், மலர்களால் மேடையை ஒப்பனை செய்வதும் கற்பனைத் திறன் வேண்டும் பணிகளே, ஐயமில்லை. ஆயினும், இத்தொழிலில் கற்பனை என்பது முதன்மையாக மற்றவர் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கும் ஆற்றலேயாகும். மூட்டுவலி உள்ள பாட்டி மேடையேறி மணமக்களை எவ்வாறு வாழ்த்துவார்? கைக்குழந்தையோடு வரும் தாய் எங்கே ஒதுங்குவார்? பேருந்தில் வந்து இறங்குவோர்க்கு மண்டபத்தின் வழி யார் காட்டுவார்? இவற்றை முன்கூட்டியே மனக்கண்ணால் காண்பவரே நல்ல அமைப்பாளர். மேடைக்கு ஒரு சாய்தளம் அமைப்பது, ஆயிரம் மலர்ச்சரங்களைத் தொங்கவிடுவதைக் காட்டிலும் உயர்ந்த கற்பனையாக இருக்கக்கூடும்.

கற்பனைக்கு அடுத்துக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருமணத்திற்கு 1000 பேர் வருகின்றனர். உணவுக் கூடத்தில் ஒரே வேளையில் 200 பேர் அமரலாம். ஒரு பந்தி உண்டு எழ 25 நிமிடம், இலை எடுத்துத் துடைத்து மறு இலை போட 10 நிமிடம் ஆகின்றன எனக் கொள்வோம். ஐந்து பந்திகள் வேண்டும். பகல் 11 மணிக்கு முதற்பந்தி தொடங்கினால், ஐந்தாம் பந்தியினர் 1 மணி 20 நிமிடத்திற்குத்தான் இலையின் முன் அமர்வார்கள். அதற்குள் பசியும் கோபமும் வளர்ந்துவிடும். இப்போது 50 இருக்கைகளைக் கூட்டுங்கள். பந்தி நான்காகக் குறையும். மேசைமேல் காகிதச் சுருளை விரித்து, பந்தி முடிந்ததும் அதனை அப்படியே சுருட்டி எடுத்துவிட்டால், துடைக்கும் நேரம் பாதியாகும். அப்பொழுது கடைசிப் பந்தி 12 மணி 30 நிமிடத்திற்கு அமர்ந்துவிடும். பெருஞ்செலவு எதுவுமின்றி 50 நிமிடம் மிச்சமாயிற்று. விருந்தின் சுவையைச் சமையற்காரர் தருகிறார். அதை மனநிறைவோடு உண்ணும் பொழுதை அமைப்பாளர் தருகிறார்.

சமையலிலும் அவர் அறிய வேண்டியது உண்டு. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்கும்வரை நோய்க்கிருமிகள் பெருகுவதில்லை. அதற்குக் கீழே ஆறி, வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் பெருகத் தொடங்கும். வடித்த சோறும் இதற்கு விலக்கன்று. ஆகவே, எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே சமைத்து இறக்கி வைப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும், பந்திக்குப் பந்தி சோறு வடிப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, காலம். முகூர்த்தம் என்பது தள்ளிவைக்க முடியாத எல்லை. எனவே, அமைப்பாளர் நாட்களை முன்னோக்கி எண்ணாமல், முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறார். மேடை முடிந்த பின்னரே மலர் அலங்காரம். மின்கம்பி இழுத்த பின்னரே மேடைக்குத் துணி. அழைப்பிதழ் எண்ணிக்கை தெரிந்த பின்னரே சமையலுக்குப் பட்டியல். எது எதற்குக் காத்திருக்கிறது என்று அறிந்து, தாமதித்தால் முழு வேலையையும் தாமதிக்கச் செய்யும் கண்ணிகளை மட்டும் தனியே கண்காணிக்கும் முறை ஒன்றை அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக 1957-ஆம் ஆண்டையொட்டி வகுத்தனர். பெருங்கட்டடங்களுக்குப் பயன்படும் அம்முறையே ஒரு திருமணத்திற்கும் பயன்படும். 2022-ல் உருசியாவில் நடைபெற இருந்த சதுரங்க ஒலிம்பியாட், உக்ரைன் போரின் காரணமாக அங்கிருந்து விலக்கப்பட்டுத் தமிழ்நாட்டிற்கு வந்தது. மார்ச்சுத் திங்களில் முடிவாகி, சூலை 28-ல் சென்னையில் தொடக்க விழா நடந்தது; ஆட்டங்கள் மாமல்லபுரத்தில் நிகழ்ந்தன. 180-க்கு மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்களுக்குத் தங்குமிடமும் உணவும் ஊர்தியும் ஆட்டக்களமும் நான்கரைத் திங்களுக்குள் ஒருங்கே அமைந்தாக வேண்டியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திருந்தால் இயலாது. ஒருங்கே செய்யத்தக்கவை எவை என்று பிரித்தறிந்ததாலேயே இயன்றது.

இனி, வருவாய். இத்தொழிலில் பணம் சீராக வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை; புரட்டாசியையும் பலர் தவிர்க்கின்றனர். தவக்காலத்தில் கிறித்தவத் திருமணங்கள் அரியன. வைகாசியிலும் ஆவணியிலும் ஈட்டியதைக் கொண்டு வெறும் மாதங்களைக் கடக்கத் தெரியாதவர் நீடித்து நிற்பதில்லை. மேலும், வாடிக்கையாளர் தரும் முன்பணம் தம்முடைய பணம் அன்று. அது பந்தல்காரருக்கும் பூக்கட்டுவோருக்கும் சமையற்காரருக்கும் உரியது. ஒரு வீட்டார் கொடுத்ததை மற்றொரு வீட்டாரின் விழாவுக்குச் செலவிட்டு, அடுத்தவர் முன்பணத்தால் அதை ஈடுகட்டுவோர், ஒரு விழா தள்ளிப்போனாலே வீழ்ந்துவிடுவர். எவ்வளவு தொகை, எவ்வெப்பணிக்கு, விழா நின்றுபோனால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பவற்றை எழுத்தில் வைப்பது அவநம்பிக்கையன்று. நட்பைக் காக்கும் வழி. பூக்கடைக்காரரிடமும் மண்டபத்தாரிடமும் மறைவாகத் தரகு பெற்று, அதனை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவது எளிது. ஆனால், அவ்வாறு செய்பவர் பூ வாடியிருந்தாலும் பூக்காரரைக் கண்டிக்க முடியாது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை யாவற்றினும் மேலானது ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில், கீற்று வேய்ந்த பந்தலில் தீப்பற்றியது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வாழ்த்த வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. அந்நாளை நினையாமல் எந்த அமைப்பாளரும் ஒரு கீற்றை வேயவோ, ஒரு மின்விளக்கைப் பொருத்தவோ கூடாது. ஒரு மீட்டர் அகலமுள்ள வாயிலின் வழியே நெரிசலின்றி நொடிக்கு ஏறத்தாழ ஒருவர் வெளியேறலாம். கூடத்தில் 600 பேர் இருக்க, ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வாயில்கள் இரண்டு திறந்திருந்தால், அனைவரும் வெளியேற மூன்று நிமிடத்திற்குச் சற்று மேலாகும். அழகு கருதி ஒரு வாயிலை மலர்த்தட்டியால் மறைத்துவிட்டால், ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆகும். உலர்ந்த கீற்று அவ்வளவு நேரம் காத்திராது. ‘வாயிலை மறைத்தால் படம் அழகாக வரும்’ என்று வாடிக்கையாளரே கேட்டாலும், ‘கூடாது’ என்று சொல்லும் துணிவுக்கும் சேர்த்தே அமைப்பாளர் ஊதியம் பெறுகிறார்.

இத்தகைய பொறுப்பை இளைஞர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது? வகுப்பறையில் கணக்கையும் சட்டத்தையும் கற்பிக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி, இதனைப் படித்தறியலாம். ஆனால், களத்தில் நின்றே கற்க வேண்டியவை மிகுதி. அறிந்த ஆசிரியர் புதியவரை முதலில் பந்தியில் நிறுத்துவார். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும், தண்ணீர் எப்பொழுது தீர்கிறது என்பதையும், பரிமாறுவோர் எந்த வேளையில் சோர்கின்றனர் என்பதையும் அவர் அங்கே காண்பார். பின்னர் ஒரு சிறு பொறுப்பை முழுமையாக ஒப்படைக்க வேண்டும். வரவேற்பு மேசை அல்லது ஊர்தி நிறுத்துமிடம் போன்ற ஒன்றை. அதற்குப் பின்னரே ஒரு சிறு விழா முழுவதையும் தருவது முறை. சிறியதில் பிழை செய்ய இடம் கொடாத ஆசிரியர், பெரியதில் பிழை செய்யும் மாணவரையே உருவாக்குவார்.

விழா முடிந்த மறுநாள், அனைவரும் கூடி அமர்ந்து, எது தாமதித்தது, எது மிஞ்சியது, எது குறைந்தது என்று ஒரு பேரேட்டில் எழுதுதல் வேண்டும். குற்றம் சாட்டுவதற்காக அன்று. அடுத்த விழாவின் பட்டியல் அதிலிருந்தே பிறக்கிறது. பழைய பெரியம்மா தம் நினைவில் வைத்திருந்ததை இன்றைய நிறுவனம் ஏட்டில் வைத்திருக்கிறது. வேலையற்ற ஆடி மாதம் அந்த ஏட்டைப் புதியவர்க்குப் பாடமாக்குவதற்கு ஏற்ற காலம். பணியாளரிடம் பேசும் முறையும் ஒரு பாடமே. இரவெல்லாம் விழித்துப் பூக்கட்டியவருக்கும் பாத்திரம் துலக்கியவருக்கும் கடைசிப் பந்தியில் சூடாக உணவு கிடைத்ததா என்று பார்த்த பின்னரே தாம் உண்ண அமரும் பழக்கத்தை மாணவர், ஆசிரியரின் சொல்லால் அன்று, செயலாலேயே கற்பர்.

மாணவர்களே, இத்தொழிலை அறிய நீங்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உங்கள் பள்ளி ஆண்டு விழா வருகிறது. மேடையில் நடிக்க எல்லோரும் விரும்புவர். நீங்கள் ஒரு முறையேனும் மேடையின் பின்னால் நின்று பாருங்கள். எத்தனை பேர் வருவர், எத்தனை வாயில்கள் உண்டு, அவை திறந்துள்ளனவா, குடிநீர் எங்கே, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று எழுதிப் பாருங்கள். விழா முடிந்து கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்து செல்லும். உங்கள் பெயரை எவரும் சொல்லமாட்டார்கள். அனைவரும் நலமாக வீடு சேர்ந்தனர் என்ற எண்ணமே உங்களுக்குக் கிடைக்கும் பரிசு. அப்பரிசு போதும் என்று தோன்றினால், இத்தொழில் உங்களுக்கு உரியது.