பெயர் மாறியது, கட்டடம் மாறவில்லை

ஆரணியை அடுத்த தச்சூரில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி 2009இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு உருவான சென்னை அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. பிரிந்திருந்த பல்கலைக்கழகங்கள் 2012இல் மீண்டும் ஒன்றாகி, அண்ணா பல்கலைக்கழகமே தாய் நிறுவனமாயிற்று. மூன்றே ஆண்டுகளில் மூன்று பெயர்ப்பலகைகள். பலகை மாறும்போது கோப்பும் அலமாரி மாறும். நிறுவனத்தின் நினைவு நழுவுவது அங்கேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857இல். அதன் செனட் இல்லத்துக்கு 1864இல் வடிவமைப்புப் போட்டி நடந்தது. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம் வென்றார். 1874இல் தொடங்கிய வேலை 1879இல் முடிந்தது. பொதுப்பணித் துறை வேலைக்குப் பக்க எண் போட்ட அளவுப் புத்தகம் உண்டு. அஸ்திவாரம் எத்தனை அடி, சுவர் எத்தனை கனம் என்று அளந்து எழுதிப் பொறியாளர் கையெழுத்திடுவார். படத்தில் இருந்தது திட்டம்; புத்தகத்தில் இருந்தது நடந்தது.

இன்று வரைபடம் கணினியில் பிறக்கிறது. வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரரின் மடிக்கணினியோடு போய்விடக்கூடும். பிறகு இடித்த தடுப்புச் சுவரும் திருப்பிவிட்ட குடிநீர்க் குழாயும் எந்தப் படத்திலும் ஏறாமல் போகலாம்.

ஆரணியில் பட்டு நெய்பவர்களுக்குப் பதிவின் அருமை எளிதில் புரியும். கட்டத்தாளில் வரைந்த புட்டாவைப் பார்த்து அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டில் ஏற்றுவார்கள். சேலை விற்றுப்போனாலும் அட்டைக் கட்டு இருந்தால் அதே புட்டாவை மறுபடி நெய்யலாம். ஆனால் தறியிலிருந்து அறுத்த சேலை அதன்பின் மாறாது. கட்டடம் திறப்பு விழாவுக்குப் பிறகுதான் மாறத் தொடங்குகிறது. அதனால் முதல் வரைபடம் மட்டும் போதாது. ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். மண் பரிசோதனை அறிக்கையும் மின்கம்பி செல்லும் வழியும் ஒரே இடத்தில், கட்டடத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். தாய் நிறுவனத்தின் பெயர் எத்தனை முறை மாறினாலும் தேடுபவர் தடுமாற மாட்டார்.

இதில் இளைய கல்லூரிக்கு ஒரு வசதி உண்டு. சிசம் காலத்துக் கொத்தனாரிடம் இனி யாரும் கேட்க முடியாது. தச்சூரில் செங்கல் அடுக்கிய மேஸ்திரியிடம் இன்றும் கேட்கலாம். பொறியியல் மாணவர்களுக்கு அதைவிட நல்ல செய்முறைப் பாடம் ஏது?