கூட்டம் போச்சு, குளிர் வந்தாச்சு!
கொடைக்கானல் ஏரிக்கு இது 2-வது சீசன்

மே மாதம் கொடைக்கானல் போய் வந்தவர்களைக் கேளுங்கள். ஏரியைப் பார்த்த நேரத்தைவிட, முன்னால் நின்ற காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்பார்கள்!

நெரிசல் தாங்காமல் ஐகோர்ட்டே தலையிட்டது. 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனில் நாள் ஒன்றுக்கு 4 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 6 ஆயிரம் வண்டி என்று கணக்கும் வைத்தார்கள்.

ஆனால் புரட்டாசி பிறந்துவிட்டால் கதையே வேறு.

ஏரி எங்கே?

விடிகாலையில் போனால் ஏரி இருக்கிற இடமே தெரியாது. எங்கும் பனிமூட்டம். வெயில் ஏற ஏற, திரை விலகுகிற மாதிரி தண்ணீர் தெரியும். வெயிலில் நின்றால் முதுகு சுடும். நிழலுக்கு நகர்ந்தால் ஸ்வெட்டர் வேணும். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கி ஒரு தூறல். அப்போது கரையோரம் கிடைக்கிற சுடச்சுட மக்காச்சோளத்துக்கு ஈடு எதுவும் இல்லை!

மேல்நாட்டில் கோடை முடிந்தால் இலை பழுத்து உதிரும். இங்கே அந்தக் காட்சி கிடையாது. சோலை மரமும் யூகலிப்டசும் பைனும் வருஷம் பூராவும் பச்சைதான். இலையைப் பார்த்து மாசம் சொல்ல முடியாது. தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்லணும்.

கலெக்டர் கட்டிய ஏரி

இது தானாக உண்டான ஏரி அல்ல. சதுப்பு நிலமாகக் கிடந்த இடம். மதுரை கலெக்டராக இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் ஓடையை மறித்துக் கட்டினார். தூத்துக்குடியிலிருந்து படகும் கொண்டுவந்து விட்டார். இன்றைக்கு ஏரி சுமார் 60 ஏக்கர். சுற்றிவர 5 கிலோமீட்டர் ரோடு.

இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான், மலைப்பாதையில் ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் விழுகிற வெள்ளி அருவி. பஸ் ஜன்னலில் இருந்தே பார்க்கலாம். கோடையில் நூலாக இறங்குகிற அருவி, மழைக்குப் பிறகு இரைச்சலோடு விழுந்தால், மேலே ஏரி ததும்புகிறது என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் காலம் என்று பிரித்து, அதையும் முன்பனியையும் மலைநாட்டுக்கு உரிய பொழுதாக வைத்தார்கள் நம் முன்னோர். கோடையை வைக்கவில்லை!

அவர்கள் பாடு?

"மழையில யார் சார் போவாங்க?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். குதிரைக்காரர், வாடகை சைக்கிள்காரர், கடலை விற்கிற அம்மா எல்லாருக்கும் மே மாத வரும்படிதான் பெரிசு. ஆனால் வயிறு 12 மாசமும் பசிக்கும். குதிரைக்கும் கொள்ளு வேணும். ரெண்டு மாசத்தில் முண்டியடிக்கிற கூட்டத்தில் பாதி புரட்டாசிக்கு வந்தால், ஏரிக்கும் மூச்சு விட இடம், அவர்களுக்கும் பிழைப்பு.

அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தொல்லை இல்லை. ஆயுதபூஜை லீவு நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். அப்போது மறுபடி கூட்டம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் மலைப்பாதையில் மண் சரியும். கிளம்புமுன் வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

குடையை மறக்காதீங்க!