சட்டம் தில்லியில்; 'சாப்பா' மட்டாஞ்சேரியில்

துறைமுகத் தொழிலாளர்களுக்கு முறைப்படி வேலை வழங்க மத்திய அரசு 1948-ல் சட்டம் இயற்றியது. அதன் பயன் கொச்சியை எட்டுவதற்கு 11 ஆண்டுகள் ஆயின.

அதுவரை மட்டாஞ்சேரியில் நிலவிய வழக்கத்துக்கு 'சாப்பா' என்று பெயர். ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார். வில்லை கிடைத்தவருக்கு அன்று வேலை. மற்றவர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியதுதான். பசித்த மனிதர்கள் ஒருவரையொருவர் மிதித்துப் புரண்ட அந்தக் காட்சியை வேலைவாய்ப்பு என்று சொல்லவே நா கூசும்.

இம்முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15-ம் தேதி போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, செய்தலவி ஆகியோர் பலியாயினர். கைதான ஆண்டனி பின்னர் உயிரிழந்தார்.

கொச்சித் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்புத் திட்டம் 1959-ல்தான் வந்தது. தொழிலாளர்களைப் பதிவு செய்து, சுழற்சி முறையில் பணி ஒதுக்குவது வாரியத்தின் பொறுப்பாயிற்று. வந்து காத்திருந்து வேலை கிடைக்காதவருக்கு வருகைப்படி வழங்கப்பட்டது.

காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் அதே 1959-ல் நிறைவேறியது. ஆனால் அது தெரிவிக்கச் சொன்னதே தவிர, அங்கு பதிந்தவரையே நியமிக்குமாறு வற்புறுத்தவில்லை. துறைமுகப் பதிவேடோ முதலாளிகளையும் கட்டுப்படுத்தியது. அதில் பெயர் இல்லாதவரை அவர்கள் தம் விருப்பப்படி வேலைக்கு அமர்த்த இயலவில்லை.