மணலைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?



"எங்கள் ஊர் மணலில் கதிர்வீச்சு இருக்கிறதாமே, அதனால்தான் புற்றுநோய் வருகிறதா?" உவரி முதல் மணவாளக்குறிச்சி வரையுள்ள கடற்கரை மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. இந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

எல்லா மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. தாமிரபரணிக் கரை வயல்களிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகளில் மோனசைட் என்னும் தாதுவின் துகள்கள் இருக்கின்றன. மழையும் ஆறுகளும் அவற்றைக் கடலில் சேர்க்கின்றன. அலைகள் லேசான மணலை இழுத்துச் சென்று, கனமான துகள்களைக் கரையில் விட்டுவிடுகின்றன. ஆகவே சில கடற்கரைகளில் மட்டும் அவை குவிந்துள்ளன.

மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உண்டு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிப் பகுதி மணலில் இதைக் கண்டறிந்தார். நம் கன்வென்ஷன் பந்தல்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலுக்கு வெண்மையான ஒளி தந்ததும் தோரியமே.

ஆய்வு சொல்வது என்ன?

கேரளத்தில், கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் இந்த மணல் மிகுதி. மண்ணிலிருந்து வெளிப்புறத்தில் படும் கதிர்வீச்சு உலக சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மில்லிகிரே; அங்கே சில இடங்களில் அது 70 மில்லிகிரே வரை செல்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்குள்ள 69,958 பேரை 2005 வரை சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்தது. 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. ஆனால் கதிர்வீச்சு கூடக்கூட நோயும் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் முடிவு வெளியானது. 1995 முதல் கேரளக் கடற்கரையில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்விலும், பிறவிக் குறைகள் இதனால் அதிகரித்ததாகக் காணவில்லை.

இதனால் எச்சரிக்கையே வேண்டாம் என்று பொருளல்ல. பிரித்தெடுத்த தாதுவைக் கையாளும் தொழிலாளர்களுக்குத் தக்க பாதுகாப்பு அவசியம். அத்தகைய கனமணலை வீடு கட்டவோ தளம் நிரப்பவோ பயன்படுத்தலாகாது. மண்ணிலிருந்து எழும் ரேடான் வாயு வீட்டுக்குள் தங்கினால் நுரையீரலைப் பாதிக்கும். ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டமாக வைத்தால் அது வெளியேறிவிடும்.

உண்மையான எதிரி

அதே கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வுகள் வேறொன்றைத் தெளிவாகக் காட்டின. பீடி புகைத்த ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயும், புகையிலை மென்றவர்களுக்கு வாய்ப் புற்றுநோயும் அதிகம். முக்கூடல் முதலான ஊர்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதிக்கு இது சொல்லக் கசப்பான செய்தி. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

"எல்லாம் மண்ணின் வினை, நாம் என்ன செய்ய முடியும்?" என்று எண்ணுகிறவர் புகையிலையையும் விடமாட்டார், சீக்கிரம் பரிசோதனைக்கும் வரமாட்டார். நோய் முற்றிய பிறகு வந்தால் மருத்துவரால் செய்யக்கூடியது குறைவு.

எனவே உங்கள் சபையிலும் ஊரிலும் இதைச் சொல்லுங்கள்: மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், விடாத இருமல், சளியில் இரத்தம், காரணம் தெரியாத கட்டி, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் வரட்டும். மண்ணை நாம் மாற்ற முடியாது. இதை நம்மால் செய்ய முடியும்.