மூடிய கதவும் முக்கால் பங்கு ஓட்டும்

கிளப் நிர்வாகக் குழு முன் ஒரு யோசனையை வைப்பது சுலபம். அதை விதியாக மாற்றுவதற்குள்தான் தலைமுறைகள் ஓடிவிடுகின்றன.

வைஸ்ராய் மின்டோ பிரபு விருந்துக்கு அழைத்தவர் சாமானியர் அல்ல. பெரும் தொழிலதிபர் ராஜேந்திரநாத் முகர்ஜி. ஆனாலும் இந்தியர் என்பதால் பெங்கால் கிளப்பில் அவருக்கு அனுமதி இல்லை. அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கல்கத்தா கிளப் என்று இன்றும் சொல்கிறார்கள். 1907ல் தொடங்கிய அந்த கிளப்பில் இந்தியரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவர் பதவிகூட சுதந்திரம் வரும் வரை இரு தரப்புக்கும் மாறி மாறிப் போயிற்று. பெண்கள் மட்டும் உறுப்பினராக முடியவில்லை. அதற்கு 2007 வரை, சரியாக நூறு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

பழைய கிளப்களில் மாற்றம் மெல்ல வருவதற்குப் பழமைப் பிடிவாதம் ஒரு காரணம். அவற்றின் சட்ட அமைப்பு இன்னொரு காரணம். கல்கத்தா கிளப், தில்லி ஜிம்கானா போன்றவை சட்டத்தின் பார்வையில் கம்பெனிகள். வேறு பல கிளப்கள் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றுக்கு அந்தந்தச் சங்கத்தின் விதிகளே வழிகாட்டி. கம்பெனியான கிளப்பில் நிர்வாகக் குழுதான் இயக்குநர் குழு. நூலகத்துக்குப் புது அலமாரி, விருந்தினர் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு விலை போன்றவற்றை அதுவே முடிவு செய்துவிடும். ஆனால் யார் உறுப்பினராகலாம் என்பது கிளப்பின் அமைப்பு விதிகளில் எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு வரியை மாற்றவும் பொதுக்குழு கூடி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. ஆதரவு ஓட்டு, எதிர்ப்பு ஓட்டைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 200 பேர் ஓட்டுப் போட்டால் 150 பேரின் ஆதரவு தேவை. தடுப்பதற்கோ 51 பேர் போதும். கூடத்தில் கைதட்டல் வாங்கிய யோசனை ஓட்டெடுப்பில் விழுவது இப்படித்தான்.

எனவே விவரம் தெரிந்தவர்கள் பேச்சைத் தயாரிப்பதற்கு முன் காகிதத்தைத் தயாரிக்கிறார்கள். கூட்டத்தின் கடைசியில், எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நேரத்தில், ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் எழுந்து பேசினால் ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பதில்தான் கிடைக்கும். செயலாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் தனி எண் வாங்க வேண்டும். எந்த விதி, இப்போது என்ன வாசகம், மாற்ற வேண்டிய வாசகம் என்ன, செலவு எவ்வளவு, அந்தப் பணம் எங்கிருந்து வரும் - இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருப்பது நல்லது. எதிர்க்கக்கூடிய மூத்த உறுப்பினர்களைக் கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சந்தித்துப் பேசிவிடுவது அதைவிட நல்லது. சபையில் ஒருமுறை ‘கூடாது’ என்று சொல்லிவிட்டவர், பிறகு மனம் மாறினாலும் வாய் மாறுவது கஷ்டம்.

குழு அசையவே இல்லை என்றால்? 2013ஆம் ஆண்டு கம்பெனி சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பத்தில் ஒரு பங்கு ஓட்டு பலம் உள்ள உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால், குழு 21 நாட்களுக்குள் சிறப்புப் பொதுக்குழுவுக்கு அழைப்பு விடுத்து, 45 நாட்களுக்குள் நடத்த வேண்டும். தவறினால் கேட்டவர்களே மூன்று மாதங்களுக்குள் கூட்டிக்கொள்ளலாம்.

உள்ளே யாரும் மாற்றாததை வெளியே இருப்பவர்கள் மாற்றிய கதைகளும் உண்டு. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப் வாசலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டிக்குத் தடை போட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்து. உடை விதியைத் தளர்த்த ஒரு கிளப் கமிட்டி தானாகவே ஒரு மாலை நேரம் செலவிட்டிருந்தால் போதும். அதைச் செய்யாததால் சட்டமன்றமே செய்ய வேண்டியதாயிற்று. தில்லி ஜிம்கானாவில் கைமாறியது நிர்வாகமே. முறைகேடுகள் நடப்பதாக மத்திய அரசு தொடர்ந்த வழக்கில், இயக்குநர்களை நியமிக்க அரசுக்கே 2022 ஏப்ரலில் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அனுமதி தந்தது.

யோசனை வைப்பவர் கடைசியாகக் கவனிக்க வேண்டியது கூட்டக் குறிப்பேட்டை. 30 நாட்களுக்குள் அதில் நடவடிக்கைகள் பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். ‘பரிசீலிக்கப்படும்’ என்று மட்டும் எழுதியிருந்தால், யோசனையைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று பொருள். யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதியிருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க ஒரு பிடி கிடைக்கும்.