தண்ணீருக்கு வழி விடுங்கள்

திருப்பதிக்குப் போயிருக்கிறீர்களா? ஊருக்கு வடக்கே சேஷாசல மலை நிற்கிறது. மலையில் பெய்யும் மழை எங்கே போகும்? கீழே உள்ள ஊருக்குத்தான் இறங்கி வரும்.

இது பெரியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சித்தூர்ச் சீமையில் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். தெலுங்கில் ஏரிக்குச் செருவு என்று பெயர். ஓர் ஏரி நிரம்பினால், கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியேறும். கால்வாயில் ஓடி அடுத்த ஏரியில் விழும். மிச்சம் சுவர்ணமுகி ஆற்றுக்குப் போகும். வெள்ளம் அடங்கும். கிணற்றிலும் தண்ணீர் ஊறும்.

பிறகு ஊர் பெருத்தது. விடுதி வந்தது, கடை வந்தது, கல்லூரி வந்தது. மனை விலை ஏறியது. பல இடங்களில் ஏரிக்குள்ளேயே வீடு கட்டினார்கள். கால்வாய் சுருங்கிச் சாக்கடை ஆனது. கோடையில் ஏரி வெறும் பொட்டல் போலத் தெரியும். மனை வாங்குகிறவர் ஏமாறுவது அப்போதுதான்.

2016-ம் ஆண்டு திருப்பதி ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் சேர்ந்தது. அழகான பெயர்தான். 2021 நவம்பரில் பெருமழை கொட்டியது. தெருக்களில் ஆறு போல வெள்ளம் ஓடியது. வீடுகளில் தண்ணீர் புகுந்தது. திருமலைக்குப் போகும் மலைப்பாதைகளை மூடினார்கள்.

அதே மழையில் ராயலசெருவு நிரம்பியது. திருப்பதிக்கு அருகே உள்ள பழைய, பெரிய ஏரி அது. அதன் கரையில் தண்ணீர் கசிந்தது. கரை உடைந்தால் கீழே உள்ள கிராமங்கள் என்ன ஆகும்? மக்களை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். நல்லவேளை, கரை தாங்கியது.

அப்போது திருப்பதி, சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-இல் தனி மாவட்டம் ஆனது.

சட்டம் இல்லாமல் இல்லை. நீர், நிலம், மரங்களைக் காக்க ஆந்திராவில் 2002-இல் ஒரு சட்டம் வந்தது. 2017-ம் ஆண்டுக் கட்டட விதி இன்னும் தெளிவாகச் சொன்னது. ஏரியின் பரப்பு 10 ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் இருந்தால், எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. சிறிய ஏரி என்றால் 9 மீட்டர். 30 மீட்டர் என்பது ஏறக்குறைய 100 அடி.

நீங்கள் மனை வாங்கப் போகிறீர்களா? சர்வே எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் அதைக் காட்டுங்கள். அது பட்டா நிலமா, ஏரியா, கால்வாயா என்று கேளுங்கள். மாநகராட்சியோ, ‘துடா’ எனப்படும் நகர வளர்ச்சி அமைப்போ அந்த மனைப் பிரிவுக்கு அனுமதி தந்ததா என்றும் பாருங்கள். பக்கத்து வயல்காரரையும் விசாரியுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர் கை நீட்டிக் காட்டுவார்.